துபாஷி, முன்ஷி, மேஸ்திரி: பிழைப்புக்குக் கற்ற மொழிகள் குறித்துச் சில குறிப்புகள்

1

'இன்னொரு மொழி தெரிந்தால் இன்னொரு வேலை கிடைக்கும்' என்கிற வாக்கியம் நம்மிடையே பொதுப்புத்தியாகவே உறைந்துவிட்டது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டீஸ் இதைத்தான் சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தூக்கிப் பிடிப்பவர்கள் மூன்றாவது மொழிக்கு ஆதரவாகச் சொல்வதும் இதையேதான். எதிர்ப்பவர்களில் பலரும் இந்த வாக்கியத்தின் இலக்கணத்தை ஏற்றுக்கொண்டுதான் எதிர்க்கிறார்கள்: 'இங்கிலீஷ் போதும், இந்தி படிச்சா என்ன கிடைக்கும்?' ஆக, மொழி என்பது தனிமனிதர் தம் முயற்சியால் சேர்த்துக்கொள்கிற சொத்து, சந்தைக்குக் கொண்டுபோனால் அதற்கு ஏதோ ஒரு விலை உண்டு என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சரக்குக்கு விலை அதிகம் என்பதில்தான் தகராறு.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு மொழியைச் சந்தையாகப் பார்க்கச் சொன்னபோது, அந்தச் சந்தையில் எல்லோரும் சமமாக நிற்பதில்லை என்பதையே அழுத்திச் சொன்னார். பேச்சின் விலையைத் தீர்மானிப்பது பேச்சு மட்டுமல்ல, பேசுகிறவர் நிற்கிற இடமும்தான். நம்மூர்ப் பாஷையில் சொன்னால், தராசு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. யார் யாருடைய மொழியைக் கற்றாக வேண்டியிருந்தது? கற்றதற்கு யாருக்குப் பரிசு கிடைத்தது, யாருக்குக் கேலி கிடைத்தது? இந்தக் கேள்விகளைக் கணியம்பாடியில் நின்றுகொண்டு கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கணியம்பாடி வேலூருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது. காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். தென்மேற்கே ஜவ்வாது மலை. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதைத் தவிர வரலாற்றுப் புத்தகங்களில் தனியாகச் சொல்லும்படி ஏதும் இல்லாத ஊர். ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளில் பார்சி, இந்துஸ்தானி, ஆங்கிலம், இந்தி, வங்காளம் என்று ஒவ்வொரு மொழியும் பிழைப்பின் பெயரால் இந்த வட்டாரத்துக்குள் வந்திருக்கிறது. கோட்டை, பட்டாளம், ஆஸ்பத்திரி ஆகிய மூன்று நிறுவனங்கள் வழியாக அவை வந்தன. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

2

'துபாஷி' என்ற சொல்லுக்கே இரண்டு மொழி பேசுகிறவன் என்றுதான் பொருள். கிழக்குக் கடற்கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் கடை விரித்த காலத்தில் இது ஒரு பதவியின் பெயராகிவிட்டது. புதுச்சேரியில் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம். 1736இல் தொடங்கி அவர் தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று விளங்கும்: துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நேரடியாகப் புரிந்துகொள்ள முடியாத இடைவெளியில்தான் அவருடைய அதிகாரம் முளைக்கிறது. அந்த இடைவெளி மூடிவிட்டால் துபாஷிக்கு வேலை இல்லை.

இந்த இடைவெளி ஆள்கிறவர்களை எப்போதும் பயமுறுத்தி வந்திருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஜூன் மாதத்தில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று கர்னல் ஃபோர்ப்சிடம் போய்ச் சொன்னார். ஃபோர்ப்ஸ் விசாரணையை இந்தியப் படை அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்களுக்கே சதியில் பங்கிருந்தது. 'இவன் பைத்தியம்' என்று சொல்லிவிட்டார்கள். தகவல் சொன்னவர் காவலில் கிடந்தார். தகவல் பலித்த பிறகு அவருக்குப் பணமும் பென்ஷனும் கொடுத்தார்கள். இதை வெறும் துரோகக் கதையாக வாசித்துவிட்டுப் போகலாம். நான் இதை இடைத்தரகு குறித்த கதையாக வாசிக்கிறேன். தனக்குக் கீழே உள்ளவர்களின் பேச்சைத் தானே எடைபோட முடியாத அதிகாரம், எடைபோடும் வேலையை இன்னொருவனிடம் விட்டாக வேண்டும். அப்படி விடுகிற நொடியில் அது பலவீனப்பட்டுப் போகிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1812இல், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழில் 'சென்னைக் கல்விச் சங்கம்' என்று வழங்கியது இதுதான். வேலூர்க் கலகத்தால்தான் கல்லூரி வந்தது என்று நேர்கோடு போட நான் முயலவில்லை. ஆனால் துபாஷியின் பிடியிலிருந்து கம்பெனி ஆட்சியை விடுவிப்பது, இங்கிலாந்திலிருந்து வந்திறங்கும் இளம் சிவில் அதிகாரிகள் தமிழையும் தெலுங்கையும் தாங்களே கற்கும்படி செய்வது என்கிற திட்டம் அதன் பின்னால் இருந்தது. பெர்னார்ட் கோன் என்ற மானிடவியலாளர் காலனியத்தின் மொழிக் கல்வியைக் கட்டளையிடுவதற்கான கல்வி என்று அடையாளம் கண்டது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கற்றதற்குக் கிடைத்த கூலி. தேர்ச்சி பெறப் பெற மாதப்படி உயர்ந்தது. உயர் தேர்ச்சி பெற்றவருக்கு ஆயிரம் வராகன் பரிசு. அன்றைய கணக்கில் ஒரு வராகன் மூன்றரை ரூபாய், ஆக மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பரிசுக்கு மேலே, பதவி. 'இரண்டாம் மொழி கற்றால் முன்னேற்றம்' என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் ஓர் அரசு ஆணையாக, ரொக்கத்தோடு, முதன்முதலில் சொல்லப்பட்டது வெள்ளைக்கார இளைஞர்களிடம்தான் எனலாம். அப்போது அந்த இரண்டாம் மொழி தமிழாக இருந்தது.

கற்பித்தவர்கள் முன்ஷிகள். அவர்களில் ஒருவரான தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் 1826இல் அச்சாயிற்று. தமிழ் உரைநடையின் தொடக்ககால நூல்களில் ஒன்றாக இலக்கிய வரலாறுகள் கொண்டாடும் இந்தப் புத்தகம், துரைமார் பரீட்சைக்குப் படிப்பதற்காக உருவான வாசிப்பு நூல். இன்னும் ஒரு படி மேலே போனால், கல்லூரியை முன்னின்று உருவாக்கிய எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனிக்குடும்பம் என்ற கருத்தை வெளியிட்டது கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு (1816) அவர் கொடுத்த முன்குறிப்பில்தான். கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முந்தியது அது. அந்த இலக்கணமும் இளம் அதிகாரிகளின் பாடப் புத்தகம். பின்னாளில் ஒரு பெரும் அரசியலுக்கு அடித்தளமான மொழிக்குடும்பக் கருத்து, வேலைக்காக இரண்டாம் மொழி கற்பவர்களின் பாடத்திட்டத்துக்குள்தான் முதலில் அச்சேறியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருத்துகள் எந்தக் கொட்டிலில் பிறந்தன என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

அதே துரைமார் வீட்டுச் சமையல்கட்டிலும் ஒருவர் இரண்டாம் மொழி கற்றுக்கொண்டிருந்தார். பட்லர். அயோத்திதாசர் தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்ததையும், அவர் வழியாகத் திருக்குறள் ஏடுகள் எல்லிஸ் கைக்குப் போனதையும் பதிவு செய்திருக்கிறார். தாழ்த்தப்பட்டோர் பலருக்கு, ஊர்க்கட்டுமானத்துக்கு வெளியே காலூன்றக் கிடைத்த முதல் இடங்களில் துரை வீடும் ஒன்று. அங்கே காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லி, இலக்கணம் இல்லாமல் அவர்கள் கற்ற ஆங்கிலத்துக்கு என்ன பெயர் கிடைத்தது? 'பட்லர் இங்கிலீஷ்.' இன்றுவரை அது வசைச்சொல். தப்புந் தவறுமாகத் தமிழ் பேசிய துரைக்கு வராகன். தப்புந் தவறுமாக ஆங்கிலம் பேசிய பட்லருக்கு நக்கல். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்: தாய்மொழி அல்லாத ஒன்றைப் பிழைப்புக்காகக் கற்றது. வேறுபாடு மொழியில் இல்லை. நின்ற இடத்தில் இருக்கிறது.

3

கோட்டையிலிருந்து பட்டாளத்துக்கு வருவோம். கணியம்பாடி ஒன்றியத்தைச் சேர்ந்த கம்மவான்பேட்டைக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு பெயர் உண்டு: 'ராணுவப்பேட்டை'. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று சொல்லுமளவுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போயிருக்கிறார்கள். அந்த ஊர் மட்டுமல்ல, பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்கவே பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மண்தான்.

மதராஸ் ராணுவத்தில் தமிழர்களும் தெலுங்கர்களும் பெருந்தொகையாக இருந்தார்கள். ஆனால் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவில் பேசப்பட்ட பொதுமொழி இந்துஸ்தானி. அதாவது, கும்பகோணத்துச் சிப்பாயும் ஸ்காட்லாந்து அதிகாரியும் இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு மூன்றாம் மொழியில் சந்தித்துக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு 'லோயர் ஸ்டாண்டர்டு', 'ஹையர் ஸ்டாண்டர்டு' என்று தேர்வுகள் இருந்தன. சொல்லிக்கொடுக்க முன்ஷி, தேர்ச்சிக்குச் சன்மானம், சில பதவிகளுக்கு அது தகுதி. சிப்பாய்க்கு? அவனுக்கு மொழி கற்பது நிபந்தனை. கற்காவிட்டால் அடி, கற்றால் அடி இல்லை. பின்னாளில் இந்திய ராணுவத்தில் ரோமன் எழுத்தில் எழுதிய உருதுவை ரெக்ரூட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பதவி உயர்வுக்குக் கல்விச் சான்றிதழ் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் தேவநாகரி எழுத்து இந்தி வந்து உட்கார்ந்தது.

இதை ஒற்றைப் பரிமாணத்தில் 'திணிப்பு' என்று மட்டும் எழுதிவிட முடியாது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளி ஆசிரியர். ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில்கூட உட்காரவிடாத காலத்தில், ஒரு மகர் குடும்பத்துக்குக் கல்வியையும் இன்னொரு மொழியையும் கொடுத்தது பட்டாளம். ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் 1880களில் 'போர்க்குடி' என்ற கோட்பாட்டைத் தூக்கிப்பிடித்து மதராஸ்காரர்களையும் பிறகு மகர்களையும் படையிலிருந்து கழித்துக்கட்டியபோது பறிபோனது வேலை மட்டுமல்ல, அந்தக் கல்வியும்தான். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போய்வந்த தலைமுறை கொண்டுவந்த சொற்கள் இன்னும் வீடுகளில் புழங்குகின்றன. சமையல்கூடத்துக்கு 'லங்கர்', விடுப்புக்கு 'சுட்டி'. அந்தச் சொற்களோடு கூடவே பூட்ஸ், பென்ஷன், பண்ணையாருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டாத தைரியம் எல்லாம் ஊருக்குள் வந்தன. ஆதிக்கத்தின் மொழி அடிமைக்கு எப்போதும் ஆதிக்கமாக மட்டுமே வந்து சேர்வதில்லை என்பதை நமது மொழி அரசியல் இன்னும் சரியாகப் பேசவில்லை.

இங்கே 1938ஐயும் 1965ஐயும் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டும். 1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணை விலக்கப்பட்டது. 1965 ஜனவரி 26இல் இந்தி ஒரே ஆட்சிமொழியாகிவிடும் என்ற அச்சத்தில் மாநிலமே எரிந்தது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா அரசு சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதில் பலரும் மறந்துபோன ஒரு கூறு உண்டு: கல்லூரி மாணவர்களின் என்.சி.சி. பயிற்சியில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பது. சரிதான். ஆனால் அதே நாளில் அசல் பட்டாளத்தில் இந்திக் கட்டளைக்குக் கால் தூக்கிக்கொண்டிருந்த வட ஆற்காட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றித் தீர்மானத்தில் பேச இடமில்லை. மாநில அரசின் அதிகாரமும் அதுவரை நீளாது.

1965இல் எல்லையில் இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறார். பெரியப்பா முறை. கேட்டேன். "இங்க போர்டுல தாரு பூசினாங்கோன்னு லெட்டரு வந்துச்சி. நான் அங்க பார்டர்ல 'ஜீ சாப்' சொல்லிக்கினு கெடந்தேன். பூசினது தப்புன்னு எனக்குத் தோணல. நான் சொன்னதும் தப்புன்னு தோணல" என்றார். "நீங்களா கத்துக்கிட்டீங்களா பெரியப்பா, இல்ல கத்துக்க வெச்சாங்களா?" "வயித்துக்குக் கத்துக்கினது எல்லாம் அப்டித்தான்டா. நீயே பிரிச்சிப் பாரு, பிரியாது."

பிரிக்க முடியாது என்று அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். விருப்பமா நிர்ப்பந்தமா என்பது தனிமனித மனம் சார்ந்த கேள்வி. சுமையை யார் சுமந்தார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியும்.

4

1965 போராட்டத்தை முழுக்க மொழிப்பற்றின் கதையாடலாகச் சொல்லிவந்திருக்கிறோம். தீக்குளித்தவர்களின் தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்கள் முன்வைத்த காரணங்களில் முக்கியமான ஒன்று மத்திய அரசு வேலை. தேர்வுகள் இந்திக்கு மாறினால், தாய்மொழியிலேயே தேர்வெழுதும் வடநாட்டு மாணவனோடு நாங்கள் இரண்டாம் மொழியில் போட்டியிட வேண்டுமா என்று கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. மொழிச் சுமையை ஒரு தரப்பின் தலையில் மட்டும் ஏற்றாதே என்கிற கேள்வி. இதைப் 'பிழைப்புவாதம்' என்று இந்தி ஆதரவாளர்கள் இகழ்ந்ததும், அந்த இகழ்ச்சிக்குப் பயந்து நாம் இதை வெறும் உணர்ச்சியாக மட்டும் வரைந்துகொண்டதும் இரண்டுமே கோளாறு. வயிற்றைப் பேசுவது கேவலமல்ல.

ஆனால் அந்தக் கேள்வியை அதன் முடிவுவரை கொண்டுபோக நமக்கு மனம் வரவில்லை. இந்தியின் இடத்தில் ஆங்கிலம் நிற்கட்டும் என்று 1967 சட்டத்திருத்தத்தின் மூலம் ஏற்பாடாயிற்று. ஆங்கிலம் யாருடைய இரண்டாம் மொழி? 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்த நாளிலிருந்தே அது பள்ளிக்கூடத்துக்குள் முதலில் நுழைந்த சாதிகளின் முதலீடு. இருமொழிக் கொள்கை வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், கணியம்பாடி ஒன்றியத்தின் சேரிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற ஆங்கிலமும் வேலூரில் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற ஆங்கிலமும் ஒன்றாக இல்லை. வடக்குக்கும் தெற்குக்கும் இடையில் நாம் கேட்ட அதே கேள்வியை ஊருக்கும் சேரிக்கும் இடையில் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரம் இருக்கிறது. கணியம்பாடி என்ற பெயர் தமிழ் இலக்கியத்தில் எங்கும் பிரபலமில்லை. ஆனால் உலக மருத்துவ ஆய்விதழ்களில் அது பழகிய பெயர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு இந்த வட்டாரம்தான் பல பத்தாண்டுகளாகக் களம். 1994 முதல் 1999 வரை இங்கே நடந்த தற்கொலைகளைப் பற்றிய ஆய்வு 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. செத்தவர் வீட்டாரிடம் கேட்டுக் கேட்டுச் சாவின் காரணத்தைத் தீர்மானிக்கிற முறை அதில் பின்பற்றப்பட்டது. யோசித்துப் பாருங்கள். ஒரு தாய் திண்ணையில் உட்கார்ந்து வட ஆற்காட்டுத் தமிழில் ஒப்பாரியும் விவரமுமாகச் சொன்னது, கிராம சுகாதாரப் பணியாளர் காதுக்குப் போய், நர்சம்மா நோட்டுக்குப் போய், மருத்துவர் முடிவுக்குப் போய், கடைசியில் ஆங்கிலத்தில் ஓர் எண்ணாகிறது. அந்த எண் தேவையானது, கிராமத்துச் சாவுகளை அரசுகளின் கண்ணுக்குக் காட்டியது அது. நான் அதைக் குறைசொல்லவில்லை. இந்தச் சங்கிலியில் யாருடைய மொழி மூலப்பொருள், யாருடைய மொழி முடித்த சரக்கு என்பதை மட்டும் சுட்டுகிறேன். துபாஷியின் வேலை ஒழிந்துவிடவில்லை. அது பல கைகளாகப் பிரிந்திருக்கிறது. கீழ்க்கையில் இருக்கிற கிராமத்துப் பெண்ணின் மொழித்திறனுக்கு அங்கே பெயரே இல்லை.

5

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று கிழக்கிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஹவுராவில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிறார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் போனால் லாட்ஜிலும் சாப்பாட்டுக் கடையிலும் வங்காள எழுத்தில் போர்டு. கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறிப்போய் லாட்ஜில் ரூம் கூட்டுகிற பெண்கள், ஆட்டோ ஓட்டுகிற பையன்கள், மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் வங்காளம் பேசுகிறார்கள். இந்தியும் பேசுகிறார்கள். இருமொழிக் கொள்கையும் மும்மொழிக் கொள்கையும் மோதிக்கொண்டிருக்கும்போது, எந்தக் கொள்கையும் இல்லாமல் இவர்கள் நான்கு மொழிக்காரர்களாகிவிட்டார்கள்.

பத்தாவது பெயிலான ஆட்டோக்காரத் தம்பி ஒருவரிடம், "எந்த வாத்தியார்கிட்டப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "வாத்தியாராவது இன்னாவது. பேஷண்டுதான் வாத்தியாரு. எங்க வலிக்குதுன்ற வார்த்தைதான் மொதல்ல வரும். அப்பறம் எவ்ளோ ஆவும்ன்றது. அந்த ரெண்டு தெரிஞ்சா வண்டி ஓடும்ணா" என்றார். வலியும் விலையும். ஒரு மொழியை இவ்வளவு சுருக்கமாக அறிமுகப்படுத்துகிற பாடநூலை நான் பார்த்ததில்லை.

இந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே வேலை விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் இவர்கள் தமிழ் என்று மட்டும் எழுதுகிறார்கள். பாதுகாப்பும் இல்லை. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்தியா விசாக்களைச் சுருக்கியபோது, அந்த நாட்டிலிருந்து வருகிற நோயாளிகளை நம்பியிருந்த தெருக்களில் வருமானம் படுத்தது. கஷ்டப்பட்டுச் சேர்த்த சொத்து, எங்கோ தில்லியில் எடுத்த முடிவால் ஒரே மாதத்தில் செல்லாக்காசு. 'மொழி தனிமனிதச் சொத்து' என்கிற கதையின் லட்சணம் இது.

மலைக்குப் போனால் கதை இன்னும் கசப்பானது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பெயரால்தான் மலையாளிகள், பேசுவது தமிழ். நிலமும் மழையும் கைவிடும்போது கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் ஆந்திரத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். அழைத்துப் போகிறவர் மேஸ்திரி. அங்கத்து மொழி தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். கூலி எவ்வளவு, வேலை என்ன என்பதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் இவர்கள் காதுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் துபாஷி இன்று மேஸ்திரியாக நிற்கிறார், ஆனால் மேலே உள்ளவனின் அறியாமையில் அல்ல, கீழே உள்ளவர்களின் அறியாமையில் வேர் பிடித்து. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்ற இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அவர்களுக்குத் தெலுங்கு தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று எவராவது சொன்னால் அதைவிட அபத்தம் வேறில்லை. அவர்களிடம் இல்லாதது மொழி அல்ல, நிலம். 'மொழி கற்றால் வேலை' என்ற வாக்கியம் மறைக்கிற விஷயங்களில் இதுதான் பெரியது. வேலையே இல்லாத இடத்தில் மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வசதியான ஏற்பாடு.

கடைசியாக ஒன்று, நமக்கே சங்கடமான ஒன்று. இப்போது நம்மூருக்கு வேலை தேடி வருகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கு, ஓட்டல் வேலைக்கு, திருப்பூர் மில்லுக்கு. வந்து, 'தண்ணி', 'சீக்கிரம்', 'சம்பளம்' என்று தமிழ் கற்கிறார்கள். காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லி, இலக்கணம் இல்லாமல். பட்லர் கற்ற அதே முறை. நாம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற பெயர் 'வடக்கன்'. அவர்கள் பேசுகிற தமிழுக்குச் சினிமாவிலும் டீக்கடையிலும் நாம் சிரிக்கிற சிரிப்பு, பட்லர் இங்கிலீஷைக் கேட்டுத் துரை சிரித்த அதே சிரிப்பு. இந்தித் திணிப்பை எதிர்க்கிற அரசியலுக்கும் இந்தி பேசுகிற கூலியைக் கேலி செய்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை உரக்கச் சொல்லியாக வேண்டிய காலம் இது. முன்னது அதிகாரத்தை நோக்கியது. பின்னது அதிகாரத்தின் இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொள்வது.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன? கம்பெனிக்காரன் தன்னையறியாமல் ஒரு நெறியை ஒப்புக்கொண்டான்: மக்களை ஆளவோ அவர்களிடம் ஊழியம் செய்யவோ வருகிறவன் மக்களின் மொழியைக் கற்க வேண்டும், கற்கும் செலவை வேலை கொடுத்தவன் ஏற்க வேண்டும். ஆளுகிற தேவைக்காக அவன் செய்ததை உரிமையின் பெயரால் நாம் கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் ஐ.ஏ.எஸ். அதிகாரி தமிழ்த் தேர்வு எழுதியாக வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் மாநில அரசு தன் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கியது. அந்த நியாயம் வங்கிக் கவுன்டருக்கும் ரயில்வே கவுன்டருக்கும் நீள வேண்டும். மறுபக்கத்தில், நம்மிடம் கூலிக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் விடாமல் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சங்ஙாதி', தோழன் என்று பொருள். பெயரிலேயே ஓர் அரசியல் இருக்கிறது.

மொழியின் பாரத்தை எப்போதும் மேலே இருக்கிறவன் தோளுக்கு மாற்று என்பதுதான் கோரிக்கை. வேலூரில் இறங்கும் நோயாளிக்காக வங்காளம் கற்ற பெண்ணுக்கு லாட்ஜ் முதலாளி கூடுதல் கூலி கொடுக்கட்டும். இந்தி கற்றால் வேலை உண்டு என்கிறவர்கள் முதலில் வேலையைக் காட்டட்டும். மொழியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள், இருநூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.